பல சுவிட்சுகளில் விலேன் அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கம் கடை, பள்ளி, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பையன்களும், கடைகளில் கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்கிறவர்களும் போனில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு இடம். டவுன் ரத வீதியில் நான்கு மாடி ஜவுளிக்கடை. பின்சந்தில் அதன் குடோன். மூன்றாம் மாடி அலுவலகத்தில் ஒரு சுவிட்ச், தரைத்தளத்தில் ஒன்று, குடோனில் ஒன்று. சுவிட்ச் என்றால் கம்ப்யூட்டர், கேமரா கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி; அதில் கேபிள் மாட்டும் ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். அலுவலகத்திலிருந்து தரைத்தளத்துக்கு ஒரு கேபிள், தரைத்தளத்திலிருந்து குடோனுக்கு ஒரு கேபிள். கட்டளைகள் சிஸ்கோ சுவிட்சுக்கு உரியவை. அவற்றை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

விலேன் எதற்கு? ஆளுக்கொரு சுவிட்ச் வாங்கிப் போட்டால் போதாதா?

போதும், பணமும் கேபிளும் தாராளமாக இருந்தால். பில்லிங்குக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, வாடிக்கையாளர் வைஃபைக்கு ஒன்று என்று தளத்துக்குத் தளம் மூன்று சுவிட்ச் வைத்து, நடுவில் மூன்று மூன்று கேபிளாக இழுத்துவிட்டால் விலேனே வேண்டாம். அந்த மூன்று சுவிட்சையும் ஒரே பெட்டிக்குள் கற்பனையாகப் பிரித்து வைப்பதுதான் விர்ச்சுவல் லேன், சுருக்கமாக விலேன். பில்லிங் கம்ப்யூட்டர் ஒன்று "இந்த முகவரி யாருப்பா?" என்று பொதுவாகக் குரல் கொடுத்தால், அதே விலேனில் இருக்கும் போர்ட்டுகளுக்கு மட்டும்தான் அது கேட்கும். கேமராவுக்கும் வைஃபைக்கும் கேட்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலேன் போட்டால் நெட் வேகமாகும் என்று நினைத்துப் பலர் கேட்கிறார்கள். கேபிளின் அகலம் அதேதான். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று விநாடிக்கு ஏறக்குறைய 4 மெகாபிட் அனுப்பும் என்று வைத்தால், 40 கேமராவுக்கு 160 மெகாபிட். மாடிக்கு மாடி இருக்கும் இணைப்பு 100 மெகாபிட் என்றால் எத்தனை விலேன் பிரித்தாலும் திணறத்தான் செய்யும். சுவிட்சுகளுக்கு நடுவே ஜிகாபிட் வேண்டும்.

ஒரு சுவிட்சுக்குள் பிரிப்பது புரிகிறது. மூன்று சுவிட்சுக்கு நடுவில் ஒரே கேபிள்தானே இருக்கிறது? அதில் எல்லா விலேனும் எப்படிப் போகும்?

ஜங்ஷனுக்கும் வண்ணார்பேட்டைக்கும் நடுவில் சுலோச்சன முதலியார் பாலம் இருக்கிறது, 1843-இல் கட்டியது. டவுன் பஸ், பேட்டை பஸ், தென்காசி பஸ் எல்லாம் ஒரே பாலத்தில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். எது எங்கே போகும் என்பதை முகப்பில் இருக்கும் பலகைதான் சொல்கிறது. சுவிட்சுகளை இணைக்கும் கேபிள்தான் பாலம். அதற்கு ட்ரங்க் என்று பெயர். கேபிளில் போகும் தகவல் பொட்டலத்துக்கு ஃபிரேம் என்று பெயர். ஒவ்வொரு ஃபிரேமிலும் மாட்டும் பலகைக்குப் பெயர் டேக்.

டேக் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பொதுத் தரம் 802.1கியூ, 1998-இல் வந்தது. ஃபிரேமில் அனுப்புநரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டுக்கே உரிய எண்) அடுத்து 4 பைட் செருகப்படும். சாதாரணமாக அதிகபட்சம் 1518 பைட் இருக்கும் ஃபிரேம் அப்போது 1522 ஆகும். அந்த 4 பைட்டில் 12 பிட்தான் விலேன் எண்ணுக்கு. 12 பிட்டில் 4096 எண்கள் கிடைக்கும். 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை என்பதால் 1 முதல் 4094 வரை நமக்கு.

கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா மாட்டும் போர்ட் ஆக்சஸ் போர்ட். அங்கே பலகை கிடையாது. ட்ரங்கில் ஏறும்போது சுவிட்ச் பலகையை மாட்டும், கடைசிப் போர்ட்டில் இறங்கும்போது கழற்றிவிடும். கம்ப்யூட்டருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

எண்களை எப்படி வைப்பது?

உங்கள் இஷ்டம். ஆனால் சுவிட்சைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். நான் வைப்பது இப்படி: 10 பில்லிங், 20 ஸ்டாக், 30 கேமரா, 40 வாடிக்கையாளர் வைஃபை, 99 சுவிட்ச் நிர்வாகம், 999 எதற்கும் பயன்படுத்தாத வெற்று எண். ஐபி முகவரியிலும் அதே எண் வரும்படி பார்த்துக்கொள்கிறேன்: பில்லிங் 192.168.10.0, ஸ்டாக் 192.168.20.0. ராத்திரி 9 மணிக்கு யாராவது போன் செய்து "192.168.30.14 வரலை அண்ணாச்சி" என்றால், படுத்திருந்தபடியே கேமரா என்று சொல்லிவிடலாம்.

சிஸ்கோவில் 1002 முதல் 1005 வரை டோக்கன் ரிங், எஃப்டிடிஐ என்ற பழைய நெட்வொர்க் முறைகளின் காலத்து ஒதுக்கீடு. அங்கே போகாதீர்கள்.

எந்த சுவிட்ச் வாங்க வேண்டும்?

பெட்டியில் மேனேஜ்டு அல்லது ஸ்மார்ட் என்று போட்டிருக்க வேண்டும், 802.1கியூ இருக்க வேண்டும். சாதா சுவிட்சுக்கு டேக் என்றால் என்னவென்றே தெரியாது. சில மாடல் டேக்கோடு அப்படியே கடத்திவிடும், சிலது தூக்கி எறியும். அதை நம்பி நடுவில் வைக்காதீர்கள். மூன்று சுவிட்சில் ஒன்றாவது லேயர் 3 ஆக, அதாவது ரூட்டிங்கும் தெரிந்ததாக இருந்தால் நல்லது. ஏன் என்று கீழே வருகிறது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

எல்லா சுவிட்சிலும் ஒரே வரிசைதான்: விலேனை உருவாக்கு, ஆக்சஸ் போர்ட்டை ஒதுக்கு, ட்ரங்கைக் கட்டு, பார்.

முதலில் தரைத்தளம். கன்ஃபிகர் டெர்மினலுக்குள் போய் "விலேன் 10", அடுத்த வரியில் "நேம் பில்லிங்". இப்படியே 20, 30, 40, 99, 999. பெயர் கட்டாயமில்லை, ஆனால் ஆறு மாதம் கழித்து நீங்களே நன்றி சொல்வீர்கள்.

1 முதல் 8 வரை கல்லாப் பக்கம். "இன்டர்ஃபேஸ் ரேஞ்ச்" என்று எட்டையும் ஒன்றாக எடுத்து, "சுவிட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்", "சுவிட்ச்போர்ட் ஆக்சஸ் விலேன் 10". 9 முதல் 16 வரை கேமரா. அதே மாதிரி, எண் மட்டும் 30.

24-ஆம் போர்ட் மேலே அலுவலகத்துக்கு, 23-ஆம் போர்ட் பின்னால் குடோனுக்கு. இரண்டிலும் "சுவிட்ச்போர்ட் மோட் ட்ரங்க்", "சுவிட்ச்போர்ட் ட்ரங்க் நேட்டிவ் விலேன் 999", "சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலேன் 10,20,30,40,99", கடைசியில் "சுவிட்ச்போர்ட் நோநெகோஷியேட்". பழைய மாடல் சிலவற்றில் ட்ரங்க் மோடுக்கு முன்னால் "சுவிட்ச்போர்ட் ட்ரங்க் என்காப்சுலேஷன் டாட்1கியூ" கேட்கும், ஏனென்றால் அவற்றில் ஐஎஸ்எல் என்ற சிஸ்கோவின் சொந்த முறையும் உண்டு. அந்தக் கட்டளையே இல்லை என்று திரை சொன்னால் பயப்பட வேண்டாம். உங்கள் சுவிட்சுக்கு டாட்1கியூ மட்டும்தான் தெரியும் என்று அர்த்தம்.

இதே வரிகளை கேபிளின் மறுமுனையிலும் அடிக்க வேண்டும். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்றுதான்: விலேன் கோளாறு பத்தில் எட்டு தடவை இரண்டு சுவிட்சுக்கு நடுவில்தான் இருக்கும். ஒரு முனையை மட்டும் சரிசெய்துவிட்டு "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு புது சிஸ்கோ சுவிட்சை கேபிள் போட்டு இணைத்தேன். லைட் எரிகிறது. பழைய கம்ப்யூட்டர்கள் பேசுகின்றன, புது விலேன் மட்டும் போகவில்லையே?

போர்ட்டை ட்ரங்க் என்று நீங்கள் சொல்லவில்லை. பல மாடல்களில் போர்ட் முதலில் டைனமிக் ஆட்டோவில் இருக்கும். எதிர்முனை கேட்டால் நானும் ட்ரங்க் ஆகிறேன் என்று அது காத்திருக்கும். எதிர்முனையும் அதே மாதிரி காத்திருந்தால்? கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்தியும் அவர்கள் முதலில் பேசட்டும் என்று உட்கார்ந்திருக்கிற கதை. இரண்டு ஆட்டோவும் சேர்ந்தால் ஆக்சஸ் போர்ட்தான், அதுவும் விலேன் 1-இல். நாம் மாற்றாத வரை எல்லாப் போர்ட்டும் இருப்பது அந்த 1-இல்தான். அதனால்தான் பழையவை மட்டும் பேசுகின்றன.

என்னுடையது வேறு கம்பெனி சுவிட்ச். அதில் ட்ரங்க் என்றால் வேறு ஏதோ வருகிறது.

இந்தச் சொல்தான் பெரிய குழப்பம். ஹெச்பி புரோகர்வ் வகை சுவிட்சுகளில் ட்ரங்க் என்றால் பல கேபிளை ஒன்றாகக் கட்டி ஒரே தடித்த இணைப்பாக்குவது. நாம் தேடும் விஷயத்துக்கு அங்கே பெயர் டேக்டு. விலேனுக்குள் போய் எந்தெந்தப் போர்ட் டேக்டு, எது அன்டேக்டு என்று சொல்ல வேண்டும். சிஸ்கோவின் ஆக்சஸ் போர்ட் அங்கே 10-இல் அன்டேக்டு; ட்ரங்க் போர்ட் அங்கே 10, 20, 30 எல்லாவற்றிலும் டேக்டு.

டிபி-லிங்க், நெட்கியர் போன்றவற்றின் பிரவுசர் பக்கத்தில் இன்னொரு பெட்டி இருக்கும்: பிவிஐடி. வெளியே போகும் ஃபிரேமுக்கு டேக் உண்டா இல்லையா என்பது ஒரு பக்கத்தில். டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த விலேனில் சேர்ப்பது என்பது பிவிஐடி பக்கத்தில். முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்தால், கம்ப்யூட்டர் அனுப்புவது விலேன் 1-க்குப் போகும், அதற்கு வர வேண்டியது 10-இலிருந்து வரும். ஒரு காதில் கேட்டு இன்னொரு வீட்டில் பதில் சொல்வது மாதிரி. அன்டேக்டு எண்ணும் பிவிஐடியும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு போர்ட்டுக்கும் பாருங்கள்.

கலந்துகட்டி வைக்கலாமா என்றால், தாராளமாக. 802.1கியூ எல்லோருக்கும் பொது.

நேட்டிவ் விலேன் என்றால் என்ன? ஏன் 999?

பலகை இல்லாமல் ஒரு பஸ் பாலத்தில் வந்தால், அது இன்ன ஊர் பஸ் என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதுதான் நேட்டிவ். மாற்றாவிட்டால் அது 1. ஒரு முனையில் 1, மறுமுனையில் 99 என்று வைத்தால், இந்தப் பக்கம் 1-இல் கிளம்பியது அந்தப் பக்கம் 99-இல் இறங்கும். சிஸ்கோ இரண்டு பக்கமும் இருந்தால் நேட்டிவ் பொருந்தவில்லை என்று திரையில் கத்தும், அந்த விலேன்களை அந்தப் போர்ட்டில் அடைத்தும் வைக்கும். மற்றவை பல நேரம் வாயே திறக்காது. ஒரு கம்ப்யூட்டரும் இல்லாத 999-ஐ நேட்டிவ் ஆக்கிவிட்டால், வழிதவறி வருவது அங்கே போய்த் தனியாகக் கிடக்கும்.

ஸ்டாக் விலேன் 20 குடோனிலும் அலுவலகத்திலும் மட்டும்தான். தரைத்தளத்தில் ஒரு போர்ட்டும் 20-இல் இல்லை. அங்கேயும் உருவாக்க வேண்டுமா?

வேண்டும். குடோனிலிருந்து அலுவலகம் போகிற வழி தரைத்தளம் வழியாகத்தான். நடுவில் இருக்கும் சுவிட்சுக்கு 20 என்று ஒன்று இருப்பதே தெரியாவிட்டால், அந்த ஃபிரேமை அங்கேயே விட்டுவிடும். "அலவுட்" பட்டியலில் 20-ஐச் சேர்த்திருப்பது மட்டும் போதாது. அனுமதி வேறு, இருப்பு வேறு.

இதைக் கண்டுபிடிக்க "ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்" அடியுங்கள். நான்கு பகுதியாக வரும். முதலாவது ட்ரங்க் உயிரோடு இருக்கிறதா, நேட்டிவ் எது. இரண்டாவது அனுமதித்த விலேன்கள். மூன்றாவது அனுமதித்தவற்றில் இந்த சுவிட்சில் உண்மையில் இருப்பவை. நான்காவது ஸ்பேனிங் ட்ரீ (லூப்பைத் தடுக்கும் முறை, கீழே வருகிறது) தடுக்காமல் இப்போது ஓடிக்கொண்டிருப்பவை. 20 இரண்டாவதில் இருந்து மூன்றாவதில் இல்லையென்றால், அந்த சுவிட்சில் விலேன் 20 உருவாக்கப்படவே இல்லை. பாதி நேரம் இந்த ஒரு கட்டளையிலேயே விடை கிடைத்துவிடும்.

ட்ரங்கில் புதிதாக ஒரு விலேனைச் சேர்த்தேன், மற்ற எல்லாம் செத்துவிட்டது!

வாங்க, நானும் அந்த சங்கத்து ஆள்தான். தென்காசியில் ஓர் இடம். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக 50-ஆம் விலேன் வேண்டும் என்றார்கள். பாளையில் வீட்டில் உட்கார்ந்தபடி அங்கிருக்கும் சுவிட்சுக்குள் நுழைந்து, "சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலேன் 50" என்று அடித்து என்டர் தட்டினேன். திரை அப்படியே நின்றது. இரண்டு விநாடி கழித்துத்தான் வயிற்றில் புளி கரைந்தது. "ஆட்" என்ற சொல்லை விட்டுவிட்டேன். அந்தச் சொல் இல்லாவிட்டால் பழைய பட்டியல் போய், 50 மட்டும்தான் பட்டியல். நான் உள்ளே வந்திருந்த நிர்வாக விலேனும் அதோடு போயிற்று. அப்புறம் என்ன, பஸ் ஏறி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போய், கன்சோல் கேபிளை மாட்டி ஒரே ஒரு வரி அடித்துவிட்டு வந்தேன்.

சரியான வரி "சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலேன் ஆட் 50". அதற்குப் பிறகு தூரத்திலிருந்து ட்ரங்கைத் தொடும் முன் "ரீலோட் இன் 10" என்று போட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானாகவே மறுபடி கிளம்பும், சேமிக்காத தவறு மறைந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் "ரீலோட் கேன்சல்". இதை மறந்தாலும் வம்புதான், வியாபார நேரத்தில் சுவிட்ச் மறுபடி கிளம்பும்.

எல்லா சுவிட்சிலும் கையால்தான் உருவாக்க வேண்டுமா? விடிபி என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. ஒரு சுவிட்சில் உருவாக்கினால் மற்றதற்கெல்லாம் பரவும் சிஸ்கோ வசதி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு திருத்த எண் ஏறும். பெரிய எண் வைத்திருப்பவர் சொல்வதே வேதம். எங்கோ சோதனைக்கு வைத்திருந்த பழைய சுவிட்ச், அதே டொமைன் பெயரும் கடவுச்சொல்லும், திருத்த எண் பெரிது. அதைக் கொண்டுவந்து மாட்டினால் உங்கள் விலேன் பட்டியல் முழுவதையும் அதனுடைய பட்டியலால் துடைத்துவிடும். கிளையன்ட்டாக இருந்தாலும் துடைக்கும். விலேன் போனதும் அதில் இருந்த போர்ட்டுகள் எல்லாம் செயலற்றுப் போகும். மூன்றாம் பதிப்பில் முதன்மை சர்வர் என்று ஒன்றை வைத்து இதற்கு வேலி போட்டார்கள்.

மூன்று, ஐந்து, பத்து சுவிட்சுக்கெல்லாம் விடிபி வேண்டாம் என்பதே என் கருத்து. "விடிபி மோட் டிரான்ஸ்பரன்ட்" போட்டுவிட்டு, ஆறு விலேனுக்கான வரிகளை ஒரு நோட்பேடில் வைத்து ஒவ்வொன்றிலும் ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

பில்லிங் கம்ப்யூட்டர் அலுவலகத்து ஸ்டாக் சர்வரோடு பேச வேண்டும். இரண்டும் வேறு விலேன். என்ன செய்ய?

இரண்டு விலேன் பேச வேண்டும் என்றால் நடுவில் ரூட்டிங், அதாவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்திவிடும் வேலை, வேண்டும். ஒரு ரூட்டரின் ஒரே போர்ட்டுக்கு ட்ரங்க் கொடுத்து, அதற்குள் விலேனுக்கு ஒன்றாகத் துணை இன்டர்ஃபேஸ் வைக்கலாம். சின்ன இடத்துக்குப் போதும், ஆனால் எல்லாப் போக்குவரத்தும் அந்த ஒரே கேபிளில் போய்த் திரும்பும். அலுவலக சுவிட்ச் லேயர் 3 என்றால் "இன்டர்ஃபேஸ் விலேன் 10" உருவாக்கி 192.168.10.1, "இன்டர்ஃபேஸ் விலேன் 20" உருவாக்கி 192.168.20.1 கொடுத்து, "ஐபி ரூட்டிங்" என்ற ஒரு வரியைச் சேர்த்தால் முடிந்தது. அந்த ஒரு வரியை மறப்பவர்கள் ஏராளம். கம்ப்யூட்டர்களுக்கு கேட்வே (வேறு விலேனுக்குப் போகும் வாசல்) அந்தந்த விலேனின் .1.

கம்ப்யூட்டர்களுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர் ஒரு விலேனில்தான் இருக்கிறது என்றால், மற்ற விலேன்களின் கூவல் அதற்கு எட்டாது. அந்தந்த விலேன் இன்டர்ஃபேஸில் "ஐபி ஹெல்பர்-அட்ரஸ்" போட்டு சர்வரின் முகவரியைக் கொடுங்கள். கம்ப்யூட்டருக்கு 169.254 என்று ஆரம்பிக்கும் முகவரி வந்தால் இங்கேதான் சந்தேகப்பட வேண்டும், அல்லது ட்ரங்கை.

விலேன் போட்டுவிட்டேன். இனி வாடிக்கையாளர் வைஃபையிலிருந்து பில்லிங்குக்குள் நுழைய முடியாதுதானே?

மேலே சொன்ன ரூட்டிங்கைப் போடும் வரைக்கும் முடியாது. போட்ட நிமிடமே எல்லா விலேனும் எல்லா விலேனோடும் பேசும். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். 40-ஆம் விலேன் இன்டர்ஃபேஸில் ஆக்சஸ் லிஸ்ட் வைத்து, அங்கிருந்து 192.168 என்று ஆரம்பிக்கும் எதற்கும் போகாதே, மற்றதெல்லாம் போகலாம் என்று எழுதுங்கள். பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர் உள்ளேயே இருந்தால், அதற்கு மட்டும் முதல் வரியில் வழி விட வேண்டும்.

இன்னொரு வழியும் அடைக்க வேண்டும். காலியாக இருக்கும் போர்ட்டுகளை 999-இல் போட்டு "ஷட்டவுன்" செய்யுங்கள். ஆள் மாட்டும் போர்ட் எதையும் டைனமிக்கில் விடாதீர்கள். நானே ஒரு சுவிட்ச் என்று நடித்து ட்ரங்க் கேட்கும் லேப்டாப்புக்கு அது திறந்துவிடும்.

வைஃபை ஆக்சஸ் பாயின்ட் மாட்டும் போர்ட் ஆக்சஸா, ட்ரங்கா?

ஒரே வைஃபை பெயர் என்றால் ஆக்சஸ். ஊழியருக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று என்று இரண்டு பெயர் என்றால் ட்ரங்க். 10, 40 இரண்டும் டேக்கோடு, ஆக்சஸ் பாயின்ட்டின் சொந்த நிர்வாகத்துக்கு 99 நேட்டிவ்வாக. ஆக்சஸ் பாயின்ட்டுக்குள்ளும் எந்தப் பெயர் எந்த விலேன் என்று சொல்ல வேண்டும். இதுவும் இரண்டு முனை விவகாரம்தான்.

லூப் என்று பயமுறுத்துகிறார்களே, உண்மையா?

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால், சாயங்காலம். கடையில் கால் வைக்க இடமில்லை. திடீரென்று எட்டுக் கல்லாவிலும் பில் நின்றுவிட்டது. நான் போய் ரேக்கைத் திறந்தபோது, சுவிட்சின் லைட்டுகள் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. வழக்கமாக அவை ஆளுக்கொரு போக்கில் மினுக்கும். இப்படி எல்லாம் சேர்ந்து அடித்தால் லூப், அதாவது போன ஃபிரேமே திரும்பி வரும்படி கேபிள் எங்கோ சுற்றாக மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். மேசை மேசையாகக் குனிந்து பார்த்தோம். மூன்றாவது கல்லாவுக்குக் கீழே, யாரோ கூட்டிப்பெருக்கும்போது கழன்று கிடந்த ஒரு சின்ன லேன் கேபிளின் இரண்டு முனையையும், பக்கத்தில் இருந்த சின்ன சாதா சுவிட்சிலேயே மாட்டி வைத்திருந்தார்கள். "ஏல, யாருல இதை இங்க குத்துனது?" என்று முதலாளி போட்ட சத்தத்துக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. உருவினேன், அடுத்த நொடி பில் ஓடியது.

ஈதர்நெட் ஃபிரேமில் இத்தனை தாவலுக்குப் பிறகு செத்துப்போ என்று சொல்லும் எண் கிடையாது. சுற்று இருந்தால் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் குரல்) சுற்றிக்கொண்டே இருக்கும், பெருகிக்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து ஸ்பேனிங் ட்ரீ; 1985-இல் டிஇசி என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் உருவாக்கியது. சுவிட்சுகள் தங்களுக்குள் பிபிடியு என்ற செய்தி அனுப்பி, ஒருவரை வேராக ஏற்று, சுற்று உண்டாக்கும் போர்ட்டை அடைத்துவிடும். முன்னுரிமை எண் குறைவாக இருப்பவரே வேர். எல்லோருக்கும் ஆரம்பத்தில் 32768 என்பதால், அப்புறம் மேக் முகவரி சின்னது எவருடையதோ அவர். பெரும்பாலும் அது குடோன் மூலையில் கிடக்கும் பழைய சுவிட்சாக இருக்கும்! அலுவலக சுவிட்சுக்கு 4096 கொடுத்து வேரை நீங்களே தீர்மானியுங்கள்.

ஆக்சஸ் போர்ட்டுகளில் "ஸ்பேனிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்", கூடவே "பிபிடியு கார்ட்" போடுங்கள். போர்ட்ஃபாஸ்ட் இல்லாவிட்டால் பழைய ஸ்பேனிங் ட்ரீயில் போர்ட் திறக்க 30 விநாடி ஆகும். பிபிடியு கார்ட் இருந்தால், அந்தப் போர்ட்டில் சுவிட்ச் செய்தி ஒன்று வந்த கணமே போர்ட்டை மூடிவிடும். அந்த சாதா சுவிட்ச் தன் வயிற்றுக்குள் சுற்று வைத்திருந்தாலும், நம் சுவிட்ச் அனுப்பிய செய்தி திரும்பி வந்ததும் அந்த ஒரு கல்லா மட்டும் நின்றிருக்கும்; மற்ற ஏழும் ஓடியிருக்கும். தீபாவளி முடிந்த மறுநாள் முதல் வேலையாகப் போட்டேன்.

குடோனுக்குச் சாதா லேன் கேபிள் போதுமா?

100 மீட்டருக்குள் என்றால் ஓடும். ஆனால் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் செம்பு இழுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை இடியில் ஒரு கேபிள் இரண்டு பக்கத்து சுவிட்சையும் சேர்த்துக் கொண்டுபோவதைப் பார்த்தவன். ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. இரும்புக் கவசம் போட்ட ஃபைபர் என்றால் அந்தக் கவசத்தை மட்டும் எர்த் செய்ய வேண்டும். விலேனுக்கு செம்பா ஃபைபரா என்பதில் வித்தியாசமே இல்லை, ட்ரங்க் ட்ரங்க்தான். அப்புறம், 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தரைத்தளத்தில் இடுப்புக்குக் கீழே ரேக் வைப்பதை நான் விட்டுவிட்டேன்.

குடோன் கம்ப்யூட்டரிலிருந்து அலுவலக சர்வருக்கு பிங் போகவில்லை. எங்கே தேடுவது?

ஐபியைத் தொடாதீர்கள். மேக் முகவரியைப் பின்தொடருங்கள். குடோன் கம்ப்யூட்டரின் மேக்கை எழுதிக்கொண்டு, குடோன் சுவிட்சில் "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் விலேன் 20". அந்த மேக் அங்கே 5-ஆம் போர்ட்டில் தெரிகிறதா? தெரியாவிட்டால் கேபிள் அல்லது ஆக்சஸ் விலேன் எண் தப்பு. "ஷோ விலேன் பிரீஃப்" சொல்லும். தெரிந்தால் தரைத்தள சுவிட்சுக்கு வந்து அதே கட்டளை. 23-ஆம் போர்ட்டில் தெரிய வேண்டும். அங்கே இல்லையா? குடோனுக்கும் தரைத்தளத்துக்கும் நடுவே இருக்கும் ட்ரங்கில்தான் கோளாறு. இரண்டு முனையிலும் "ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்" எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருக்கிறது என்றால் அலுவலகத்துக்கு ஏறுங்கள்.

மூன்று சுவிட்சிலும் மேக் தெரிந்துவிட்டால் சுவிட்சின் மேல் பழி இல்லை. அப்போது ஐபி, சப்நெட் மாஸ்க், கேட்வே பாருங்கள். கடைசியாக விண்டோஸ் ஃபயர்வால். எல்லாம் சரியாக இருந்து, பிங்குக்கு மட்டும் அது பதில் சொல்லாமல் இருந்ததால் நான் வீணாக்கிய மதியங்களைக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போய், சாயங்காலம் வந்தது. விலேன் பட்டியல் அப்படியே இருக்கிறது, ஆனால் போர்ட்டுகள் எல்லாம் விலேன் 1-க்குத் திரும்பிவிட்டன. பேய் ஏதும் பிடித்திருக்கிறதா?

பேய் இல்லை, "ரைட் மெமரி" அடிக்காமல் வந்துவிட்டீர்கள். விடிபி சர்வர் நிலையில் விலேன் பட்டியல் ஃபிளாஷில் விலேன்.டேட் என்ற தனிக் கோப்பில் அப்போதைக்கப்போதே எழுதப்படும். எந்தப் போர்ட் எந்த விலேன், எது ட்ரங்க் என்பதெல்லாம் ஓடும் கன்ஃபிகில் இருக்கிறது; நீங்கள் சேமித்தால்தான் நிற்கும். டிரான்ஸ்பரன்ட் நிலை என்றால் விலேன் பட்டியலும் கன்ஃபிகோடு சேரும், அப்போதும் சேமிக்கத்தான் வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு: பழைய சுவிட்சைச் சுத்தம் செய்ய ஸ்டார்ட்அப் கன்ஃபிகை மட்டும் அழித்தால் விலேன்.டேட் பழையதோடு அப்படியே கிடக்கும். அதையும் தனியாக அழிக்க வேண்டும்.

மூன்று சுவிட்சிலும் சேமித்த பிறகு, "ஷோ ரன்"னை நகலெடுத்து உங்கள் லேப்டாப்பில் ஒன்று, கடை முதலாளிக்கு மெயிலில் ஒன்று வையுங்கள். போர்ட் எண்கள் எழுதிய தாளை ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.